பக்கத்துல இருக்கிறவங்க வந்தாச்சா?

கரும்பலகை வியர்த்திருந்தது. யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டார்கள் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாள். தேதி எழுதலாம் என்று சாக்பீஸை வைத்தால் அது எழுதாமல் வழுக்கிக்கொண்டு போனது. விரலால் தொட்டுப் பார்த்தாள்; ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த பாட்டில் மேல் பூக்குமே, அந்த மாதிரி பலகை முழுக்கப் பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது, தொட்ட விரல் நுனி மரத்துப்போகிற அளவுக்குச் சில்லிப்பு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, தலைக்கு மேல் மின்விசிறி பெயருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் ஒரு சுவர் எப்படிக் குளிரும் என்று நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கல்வி அதிகாரி வருகிற நாள்.

அதிகாரி வருகிறார் என்றாலே பள்ளிக்கூடம் வேஷம் கட்டத் தொடங்கிவிடும். ஒட்டடை அடிப்பார்கள், எங்கிருந்தோ பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் அடுக்குவார்கள், நாறுகிற கழிப்பறைக்குப் பூட்டு போட்டுவிடுவார்கள். அதெல்லாம் எங்கேயும் நடப்பதுதான். இங்கே மட்டும் கூடுதலாக ஒரு வித்தை உண்டு, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தது. அதிகாரி எதைக் கேட்டாலும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்பிவிட்டால் போதும், வந்தவர் கண்ணுக்கு வகுப்பு முழுக்க மேதாவிகளாகத் தெரியும். இதில் அவளுடைய மூன்றாம் வகுப்பை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பிள்ளைகூட இதில் தடுமாறாது. போகப்போக அது பழக்கமாகவே ஆகிவிட்டது; அதிகாரி இல்லாத நாளிலும், சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, ஆமாம் என்றால் வலது கையும் இல்லை என்றால் இடது கையும் மேலே போகும். எத்தனை முறை அதைப் பார்த்துப் பூரித்திருக்கிறாள். இப்போது நினைத்தால் அவளுக்கே குமட்டியது.

ஏனென்றால் இன்றைக்கு வருகிற அதிகாரி பாடம் கேட்க வரவில்லை. ஐஸ் ஃபேக்டரி விவகாரத்தை முடித்து வைக்க வருகிறார்.

தண்ணீர் எப்படிக் கட்டியாகிறது என்று ஒரு பாடம் இருந்தது. நேரில் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள் என்று அவள்தான் சுற்றுலாவுக்கு யோசனை சொன்னாள். ஊருக்கு வெளியே, மீன்காரர்களுக்கு ஐஸ் வெட்டித் தருகிற பழைய ஃபேக்டரி. உள்ளே நுழைந்ததுமே மூக்கைக் குத்தி கண்ணில் நீர் வரவழைக்கிற அந்த அமோனியா நெடி, காலடியில் எந்நேரமும் ஈரத் தரை, இருட்டில் எங்கோ உறுமிக்கொண்டே இருக்கிற மோட்டார், ஆள் உயர ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்திருக்கும் குளிரறை, அதன் கனத்த கதவு. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐஸைத் தொட்டுத் தொட்டுக் கத்தினார்கள். அதிலும் வாயாடி.

வகுப்பில் அவளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், டீச்சர் உட்பட. தூக்கத்திலும் பேசுகிற ரகம். கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள், எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டியதைக்கூட அரை நொடி முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். அவள் பக்கத்தில் உட்காருகிறவள் நேர் எதிர். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டாலும் பதில் வராது. ஊமைக்கோட்டான் என்று டீச்சரே ஒருநாள் விளையாட்டாகச் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. ஒருத்தி பேசுவதில் இன்னொருத்தியின் பங்கும் தீர்ந்துவிடும்போல. எங்கே போனாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே திரியும்.

திரும்பும்போது மத்தியானம். முன்னால் நின்ற வேனில் தலைமையாசிரியரோடு பாதிப் பிள்ளைகள், பின்னால் நின்றதில் டீச்சரோடு மீதி. அந்த நெடியில் டீச்சருக்கு ஒற்றைத் தலைவலி பிடித்து, நெற்றிப்பொட்டு தெறித்துக்கொண்டிருந்தது. வேன் கதவில் நின்றபடி கேட்டாள்: "பக்கத்துல இருக்கிறவங்க வந்தாச்சா? கை தூக்குங்க." எல்லாக் கையும் போனது. மூன்றாவது சீட்டிலிருந்து போனது மட்டும் இடது கை.

டீச்சர் அதைப் பார்த்தாள். இதுதான் அவள் யாரிடமும் சொல்லாதது. பார்த்தாள். ஊமைக்கோட்டான் தன் இடது கையை முடிந்த மட்டும் நீட்டி, எம்பி, சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்றதையும் பார்த்தாள். வாயாடி முன்னால் போகிற வேனில் ஏறித் தொலைத்திருப்பாள், தலைமையாசிரியர் காதைத் துளைத்துக்கொண்டு வரட்டும் என்று நினைத்தாள். அதுகூட முழு உண்மை இல்லை. வேன் அன்றைக்கு அமைதியாக இருந்தது. தலைவலிக்கு அந்த அமைதி அமிர்தமாக இருந்தது. அப்பாடா என்று சீட்டில் சாய்ந்து, போகலாம் என்று டிரைவரிடம் சொன்னாள்.

சாயங்காலம் வாயாடியின் அம்மா பிள்ளையைக் காணோம் என்று ஓடிவந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். பயம். கேட்டேன், எல்லாரும் கை தூக்கினாங்க, வேன்ல வந்துட்டா என்று சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தையில் பாதி பொய்கூட இல்லை என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அதனால் விடிய விடியப் பள்ளிக்கூடத்தைச் சுற்றியே தேடினார்கள். கிணறு, பஸ் நிலையம், புதர் என்று ஒன்று விடாமல். ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஃபேக்டரிப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம்கூடப் போகவில்லை. குளிரறைக் கதவை உள்ளேயிருந்து திறக்கிற கொக்கி பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

பழி ஊமைக்கோட்டான் மேல் விழுந்தது. அவள்தானே பக்கத்து சீட், அவள்தானே வந்துட்டா என்று கை தூக்கினாள். விசாரிக்க வந்த போலீஸ் அம்மா அவளை மடியில் உட்கார வைத்து, உன் ஃபிரண்டு வண்டியில ஏறினதைப் பார்த்தியா கண்ணு என்று கேட்டபோது, அந்தப் பிள்ளை இடது கையைத் தூக்கியது. பாத்ரூம் போகணும்போல என்று போலீஸ் அம்மா இறக்கிவிட்டுவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்குத் தெரியும். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

இப்போது ஊமைக்கோட்டானை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, வெகுதூரத்தில் சேட்டைப் பிள்ளைகளை அடைத்து வைக்கிற ஒரு விடுதிக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. அதிகாரி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. தையல்காரரான அவளுடைய அப்பா காலையிலேயே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து. பொய் சொல்லிக் கூட்டாளியைக் கொன்றவளின் அப்பா என்று ஊரே பேசுகிறது. அவரிடம் இப்போது யாரும் துணி தைக்கக் கொடுப்பதில்லையாம். உண்மையை டீச்சர் ஒருத்தி சொன்னால் இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். சொன்னால் தன் வேலை போகும், ஜெயிலும் வரலாம். இரண்டையும் அவள் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

"நீங்க கேட்டீங்க, பிள்ளைங்க கை தூக்குச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம் டீச்சர்," என்று தலைமையாசிரியர் காலையில் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கைக்குட்டையால் பலகையைத் துடைத்தாள். துடைத்த இடம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பப் பூத்தது. சரி போகட்டும் என்று பிள்ளைகள் பக்கம் திரும்பி, அதிகாரி வந்ததும் எப்படி எழுந்து குட்மார்னிங் சொல்ல வேண்டும் என்று ஒருமுறை சொல்லிப்பார்க்கச் சொன்னாள். எல்லாரும் எழுந்தார்கள், பெஞ்சுகள் கிறீச்சிட்டன, வழக்கமான அந்த இழுவையான ராகத்தில் வகுப்பே சேர்ந்து சொன்னது. அத்தனை குரல்களுக்கும் அரை நொடி முன்னால் ஒரு குரல் ஆரம்பித்திருந்தது.

மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் அதே. முதலில் ஒற்றைக் குரல், கீச்சென்று, ஆர்வம் தாங்காமல்; அதன் பின்னால் மற்ற எல்லாம். யார் அது முந்துவது என்று கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் மென்று முழுங்கினாள். பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மூன்றாவது பெஞ்சில் ஊமைக்கோட்டான் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் காலி இடம். யாரும் அங்கே உட்காருவதில்லை. பெஞ்சுகளுக்கு இடையில் நடப்பதுபோல் டீச்சர் அந்தப் பக்கம் போனாள். நெருங்க நெருங்க வெயில் குறைந்துகொண்டே வந்த மாதிரி இருந்தது, புழுக்கத்திலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து வேறெதற்கோ. வியர்வை ஊறியிருந்த முதுகு சட்டென்று காய்ந்து இறுகியது. பென்சில் சீவிய மணமும் பிள்ளைகளின் தலை எண்ணெய் மணமும் விலகி, அவற்றின் அடியிலிருந்து மெல்லியதாக, தவறே இல்லாமல், அந்த நெடி வந்தது. மூக்கைக் குத்துகிற நெடி. அவள் கண்ணில் நீர் வந்தது.

"உனக்குக் குளிருதாம்மா?" என்று ஊமைக்கோட்டானிடம் மெதுவாகக் கேட்டாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எதைக் கேட்டாலும் இடது கைதான். உன் பெயர் என்ன என்றாலும் இடது கை, தண்ணீர் வேண்டுமா என்றாலும் இடது கை. இப்போதும் அதே கையைத் தூக்கியது. என் பிள்ளையாக இருந்தால் சும்மா இருந்திருப்பேனா என்று டீச்சர் நினைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் கண்ணு, சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாயால் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், தொப்பையும் சிரிப்புமாக, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர் நாலு அடி வைத்ததும் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்க கிளாஸ் மட்டும் எப்படி டீச்சர் இப்படி ஜில்லுன்னு இருக்கு? யாருக்கும் தெரியாம ஏசி வெச்சிருக்கீங்களா?" என்றார். தலைமையாசிரியர் அளவுக்கு மேல் சிரித்தார். பிள்ளைகள் எழுந்து குட்மார்னிங் சொன்னார்கள். அந்தக் குரல் முந்தியது. யாரம்மா அந்தக் கெட்டிக்காரி, முந்திரிக்கொட்டை மாதிரி என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவருக்கும் கேட்டிருக்கிறது.

தலைமையாசிரியர் பேச்சை மாற்றினார். நடந்ததை அவரே சுருக்கமாக ஒப்பித்தார்: சுற்றுலா, வேன், டீச்சர் கடமை தவறாமல் கேட்டது, பிள்ளைகள் கை தூக்கியது, ஒரு பிள்ளை பொறுப்பில்லாமல் தவறான தகவல் கொடுத்தது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு என்ன தோன்றியதோ, மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தையல்காரரைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"சின்னப் பிள்ளை விஷயம். எனக்கே மனசு கேக்கல," என்றார். "டீச்சர், அன்னைக்கு வேன்ல எப்படிக் கேட்டீங்களோ, அப்படியே ஒரு தடவை கேளுங்க. பார்த்துடுவோம்."

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்கோ, பயத்தின் நடுவிலும், ஒரு ஆறுதல். ஊமைக்கோட்டான் இடது கையைத்தான் தூக்குவாள். இது ஏன் இடது கை என்று அதிகாரி கேட்பார். கேட்டால் சொல்லிவிடலாம். தானாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதும் பாரத்தை அந்தப் பிள்ளையின் கையிலேயே தூக்கி வைக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது, உறைத்தும் மாற்றிக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை.

பலகையில் முதுகு படும்படி பின்னால் நகர்ந்து நின்றாள். பலகையிலிருந்து நீர் வழிந்து தரைக்கு வந்திருந்தது. மின்விசிறி நின்றுவிட்டதா? சுற்றிக்கொண்டுதான் இருந்தது, சத்தம்தான் இல்லை. சத்தம் வேறெங்கிருந்தோ வந்தது. சுவருக்குப் பின்னால். உறுமல். மோட்டார்.

முன் பெஞ்சுப் பையன் மூச்சுவிட்டான். வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அவன் பக்கத்துப் பெண் மூச்சுவிட்டாள். ஆவி. ஒவ்வொரு பெஞ்சாக. ஒவ்வொரு வாயாக. அதிகாரி கைகளைத் தேய்த்துக்கொண்டார், அவர் வாயிலும்.

"கேளுங்க டீச்சர்."

அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்தாள்.

"பக்கத்துல இருக்கிறவங்க..."

ஒரு கை எழுந்துவிட்டது. கேள்வி முடியவில்லை. அதற்குள். மூன்றாவது பெஞ்சில், காலி இடத்தில், டெஸ்க்கின் விளிம்புக்கு மேலே. சின்னக் கை. நகங்கள் நீலம். விரல் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"...வந்தாச்சா?"

எல்லாக் கையும் எழுந்தது.

ஊமைக்கோட்டான் கடைசியாகத் தூக்கினாள். நிதானமாக, திரும்பி, பக்கத்து இடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத் தூக்கினாள்.

வலது கை.

"ம்," என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "இன்னைக்கும் வந்தாச்சுன்னுதான் சொல்றா."

"இல்லைங்க ஐயா." அது தன் குரல்தான் என்று டீச்சருக்குத் தெரியவே ஒரு கணம் ஆனது. "அன்னைக்கு அவ இடது கையைத்தான் தூக்கினா. இடதுன்னா வரலைன்னு அர்த்தம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க ஐயா."

சொல்லிவிட்டாள். இத்தனை நாளாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அதிகாரி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பாவம், டீச்சர் மனசு ரொம்பவே பாதிச்சுடுச்சு," என்று தலைமையாசிரியர் தாழ்ந்த குரலில் சொன்னார். "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம்."

"இடது கையா? அவ வலது கையைத்தானே தூக்கியிருக்கா, பாருங்க," என்றார் அதிகாரி. குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார். "போதும் பிள்ளைங்களா. கையை இறக்குங்க."

கைகள் இறங்கின. முன் பெஞ்ச். இரண்டாவது பெஞ்ச். கடைசி பெஞ்ச்.

இரண்டு கைகள் இறங்கவில்லை.

ஊமைக்கோட்டான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அந்தச் சின்னக் கை மெல்லச் சாய்ந்து அவள் கையைப் பிடித்தது. விரலோடு விரல் கோத்து. டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் நகம் ஒன்று வெளுத்தது. பிறகு அடுத்தது.

ஓட வேண்டும். இழுத்துப் பிரிக்க வேண்டும். கால் எழவில்லை.

"வாம்மா, போலாம்," என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து தையல்காரர் கூப்பிட்டார். "அப்பா வந்திருக்கேன் பாரு."

பிள்ளை திரும்பவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. டீச்சர் அந்தப் பிள்ளை சிரித்து இதுவரை பார்த்ததில்லை. உதடுகள் திறந்திருந்தன. அவளைச் சுற்றி எல்லா வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது, போய்க்கொண்டிருந்தது, வந்துகொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து மட்டும் வரவில்லை.